ஜெஃபர்சன் – ஹெமிங்ஸ் வழக்கு: ஒய் குரோமோசோமில் எவ்வளவு ஆழம் தோண்டுவது?

தகப்பன்வழி வம்சாவளியைத் தேடிப் போகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள்: ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமில் 37 குறிகளை, அதாவது ஆளுக்கு ஆள் வேறுபடும் 37 இடங்களை, மட்டும் பார்க்கும் சாதாரண ஒய் சோதனையோடு நிறுத்திக்கொள்வதா, 400 டாலருக்கு மேல் கொடுத்து அதை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பிக் ஒய்-700 போன்ற ஆழ்சோதனைக்குப் போவதா? விற்கிறவர்களைக் கேட்டால் பெரியதையே வாங்கச் சொல்வார்கள். பொழுதுபோக்காகச் செய்கிறவர்களில் பாதிப் பேரும் அதையேதான் சொல்வார்கள். நான் கேட்பது வேறு: யாரை யாரிடமிருந்து பிரித்துப் பார்க்கப் போகிறீர்கள்? அந்த இருவருக்கும் பொதுவான பாட்டன் எத்தனை ஆண்டுக்கு முந்தியவர்? இதற்குப் பதில் இருந்தால் எந்தச் சோதனை, எப்போது என்பது தானாகவே தெரிந்துவிடும். பதில் இல்லையென்றால் கார்டை எடுக்க வேண்டாம்.

இதை விளக்க, 1998இல் உலகத்தையே பேச வைத்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரே வழக்குக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சின்னச் சோதனையே போதும். ஒன்றுக்கு ஆழ்சோதனை வேண்டும். இன்னொன்றுக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் அநேகமாக விடை வராது.

வழக்கு

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற தோட்ட மாளிகையில் வாழ்ந்தவர். நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு உடைமையாளர். அவர்களில் ஒருவர் சாலி ஹெமிங்ஸ். சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தகப்பன் என்று 1802இல், அவர் பதவியில் இருக்கும்போதே, ரிச்மண்ட் நகரப் பத்திரிகை ஒன்று எழுதியது. ஜெஃபர்சன் வெளிப்படையாகப் பதில் சொல்லவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் ஒரு மாற்றுக்கதை சொன்னார்கள்: தகப்பன் தாத்தா இல்லை, அவருடைய சகோதரியின் மகன்களான பீட்டர் கார், சாமுவேல் கார் இருவரில் ஒருவர். சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸோ 1873இல் ஒஹாயோவின் ஒரு பத்திரிகையில், தன் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்று நேராகவே சொன்னார். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் நூறு ஆண்டுக்கும் மேலாகப் பேரப்பிள்ளைகள் பக்கமே நின்றார்கள். அடிமையாகப் பிறந்தவரின் வாக்குமூலம் அவர்களுக்குச் சாட்சியாகவே தெரியவில்லை.

சார்லட்ஸ்வில் நகரத்தில் வசித்த ஓய்வுபெற்ற நோய்க்கூறியல் மருத்துவர் யூஜின் ஃபாஸ்டர் இந்த வழக்கை ஒய் குரோமோசோம் பக்கம் கொண்டுபோனார். ஒய் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இரு முனைகளில் உள்ள சிறு பகுதி தவிர மற்றதெல்லாம் எக்ஸோடு கலக்காமல் அப்படியே இறங்கும். எப்போதாவது அதன் டி.என்.ஏ.வில் ஓரெழுத்து மாறினால் அந்த மாற்றமும் மகன், பேரன் என்று தொடரும். அதனால் பெயர் மாறினாலும், ஊர் மாறினாலும், தோலின் நிறத்தைச் சொல்லி வேறு இனமாகவே வாழத் தொடங்கினாலும் ஆண்வழி மாறாது. சாலியின் கடைசி மகன் எஸ்டன் ஹெமிங்ஸ் விஷயத்தில் இது மூன்றும் நடந்தது. 1808இல் பிறந்த எஸ்டன் 1852 வாக்கில் குடும்பத்தோடு விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, வெள்ளையராக வாழ்ந்தார்.

இங்கே முதல் இடைஞ்சல். மனைவி வழியில் ஜெஃபர்சனுக்குப் பெரியவனாக வளர்ந்த மகன் கிடையாது. வளர்ந்தவர்கள் இரண்டு மகள்கள். ஆக, அவருடைய ஒய் யாரிடமும் நேரடியாக இல்லை. ஃபாஸ்டர் ஒரு தலைமுறை மேலே ஏறினார். ஜெஃபர்சனின் சித்தப்பா பெரியப்பா வகையில் ஃபீல்ட் ஜெஃபர்சன் என்பவரின் நேர் ஆண் வாரிசுகள் ஐந்து பேரைக் கண்டுபிடித்தார். கார் சகோதரர்களுக்கு அவர்களுடைய தகப்பன்வழிப் பாட்டனாரின் ஆண் வாரிசுகள் மூன்று பேர். சாலியின் மூத்த மகன் என்று குடும்ப மரபு சொல்லும் தாமஸ் வுட்சனுக்கு வாரிசுகள் ஐந்து பேர். எஸ்டனுக்கு ஒரே ஒருவர். எல்லாரிடமும் ரத்தம் எடுத்து, யார் மாதிரி எது என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாதபடி எண் போட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

இந்த வேலையின் சிறப்பு அந்த ஆள் தேர்வில்தான் இருக்கிறது என்பேன். இயந்திரம் பிறகு வருகிறது. விடை யாரை வைத்து வரும் என்று முதலில் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தார். இன்று பலர் செய்வது நேர் எதிர்: எச்சிலை அனுப்பிவிட்டு, முடிவு வந்தபின் யாரோடு ஒப்பிடுவது என்று தேடுகிறார்கள்.

19 குறிகள் சொன்னது

அன்று பார்த்தது மொத்தம் 19 குறிகள். ஏழு, ஓரெழுத்து மாற்றம் வகையைச் சேர்ந்தவை, இப்போது எஸ்.என்.பி. என்கிறோம். 11, எஸ்.டி.ஆர். வகை, அதாவது ஒரு சிறு எழுத்துக்கோவை அடுத்தடுத்து எத்தனை முறை திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கை. மீதி ஒன்று எம்.எஸ்.ஒய்.1 என்ற பெரிய திரும்பக்கோவை. இன்றைய 37 குறிச் சோதனையைவிடவும் சின்னது.

ஃபீல்டின் ஐந்து வாரிசுகளில் நான்கு பேருக்கு எல்லாம் ஒன்றாக இருந்தது. ஐந்தாமவருக்கு ஓர் எஸ்.டி.ஆரில் ஒரே ஓர் எண் வித்தியாசம்; இடையில் நடந்த மாற்றம். எஸ்டனின் வாரிசு அந்த நால்வரோடு அச்சாகப் பொருந்தினார். இந்தக் குறித்தொகுப்பு எவ்வளவு அரிது என்பதற்கும் கணக்கு இருந்தது: எஸ்.டி.ஆர். பார்க்கப்பட்டிருந்த 670 ஐரோப்பிய ஆண்களில் ஒருவரிடம்கூட இது இல்லை. கார் வாரிசுகள் மூவரும் தங்களுக்குள் ஒத்திருந்தார்கள். ஜெஃபர்சன் தொகுப்புக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆக, எஸ்டனைப் பொறுத்தவரை பேரப்பிள்ளைகள் சொன்ன கார் கதை முடிந்தது. இதுதான் அந்த மூன்று கேள்விகளில் முதலாவது: ஜெஃபர்சன் வழியா, கார் வழியா? இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவான தகப்பன்வழிப் பாட்டன் பல்லாயிரம் ஆண்டுக்கு அப்பால் இருக்கிறார். அவ்வளவு தூரம் விலகியவர்களைப் பிரிக்க 19 குறி தாராளம். இன்றைக்கு இதே கேள்வியோடு ஒருவர் வந்தால், 37 குறி போட்டுப் பாருங்கள், மீதிப் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன்.

வுட்சன் முடிவு தனிக்கதை. ஐந்து வாரிசுகளில் நால்வருக்கு ஒரே வகை ஒய். அது ஐரோப்பியர்களிடம் காணப்படுவது, ஆனால் ஜெஃபர்சனுடையது இல்லை. ஐந்தாமவருக்கு முற்றிலும் வேறு. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே அதிகம் காணப்படும் வகை. நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில் தகப்பன் வேறாகியிருக்கிறார். வுட்சன் குடும்பம் ஒருவரை மட்டும் அனுப்பியிருந்து, அவர் இந்த ஐந்தாமவராக இருந்திருந்தால், மற்ற நால்வரின் கதையும் தப்பாகவே எழுதப்பட்டிருக்கும். ஒரு கிளைக்குக் குறைந்தது இருவர், அவர்களும் வெவ்வேறு மகன்கள் வழியாக வந்தவர்கள், வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டு விஷயத்திலும் இதே கூத்து நடந்தது. 2012இல் லெஸ்டர் நகரத்து வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புகள் அவருடையவை என்று தாய்வழி டி.என்.ஏ. ஒத்துப்போனது. 2014இல் வெளியான ஆய்வில் தகப்பன்வழி ஒத்துப்போகவில்லை. அரசரின் ஒய் ஜி வகை (ஆண்வழிப் பெருங்கிளைகளை இப்படி எழுத்தால் குறிப்பார்கள்). ரிச்சர்டோடு ஆண்வழியில் பொது முன்னோர் உண்டு என்று கொடிவழி சொல்லும் ஐந்தாம் போஃபர்ட் கோமகனின் வாரிசுகள் என்று சோதிக்கப்பட்ட ஐவரில் நால்வர் ஆர்1பி வகை. ஒருவர் ஐ வகை. அதாவது ஒரு முறிவு அண்மைத் தலைமுறைகளில். இன்னொன்று அதற்கு மேலே நூற்றாண்டுகளில் எங்கோ. இங்கிலாந்தின் உயர்குடிக் கொடிவழிகளில் இத்தனை கவனமாக எழுதி வைக்கப்பட்டவை குறைவு. அதிலேயே இரண்டு ஓட்டை.

முட்டி நின்ற இடம்

1998 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியான அந்தக் கட்டுரைக்கு, ஜெஃபர்சன்தான் அடிமையின் கடைசிப் பிள்ளைக்குத் தகப்பன் என்ற பொருளில் தலைப்பு வைத்துவிட்டார்கள். தரவு அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டு மாதத்தில், 1999 ஜனவரியில், ஃபாஸ்டரே அதே இதழில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. எஸ்டனின் ஒய் ஜெஃபர்சன் குடும்பத்து ஒய் என்பது வரைக்கும்தான் சோதனை. தாமஸின் தம்பி ராண்டால்ஃப் ஜெஃபர்சனுக்கும் அதே ஒய். ராண்டால்ஃபின் மகன்களுக்கும் அதே. இதுதான் இரண்டாவது கேள்வி: அண்ணனா, தம்பியா?

பிற்காலத்தில் பலர் கேட்டார்கள்: அன்று 19 குறிதான் இருந்தது, இன்று பிக் ஒய் இருக்கிறதே, அதைப் போட்டால் தெரிந்துவிடாதா? கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடலாம். ஆழ்சோதனையைப் பற்றி முடிவெடுக்கும் எல்லாருக்கும் இந்தக் கணக்கு உதவும்.

பிக் ஒய்-700, ஒய்யில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எழுத்துகளை நம்பகமாகப் படிக்கிறது. அந்தப் பரப்பில் சராசரியாக 80 முதல் 90 ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஓரெழுத்து மாற்றம் விழுகிறது. ஒரு தலைமுறை 30 ஆண்டு என்றால் இரண்டரை, மூன்று தலைமுறைக்கு ஒன்று. மைல்கல்லை வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு இடையிலான தூரத்தை அளக்க முடியாது. அண்ணன் தம்பிகளைப் பிரிப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். தாமஸ் பிறக்கும்போது ஒரு புதிய மாற்றம் விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். விழுந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அதைத் தாமஸுடையது என்று காட்ட, ஐயமில்லாத இன்னோர் ஆண் வாரிசு வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை. எஸ்டனின் வாரிசிடம் ஃபீல்ட் வழியில் இல்லாத ஒரு மாற்றம் கிடைத்தால், அது தாமஸிடம் பிறந்ததா, அவர் தகப்பன் பீட்டரிடமா, எஸ்டனிடமா, எஸ்டனின் பேரனிடமா என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது.

ஒரே ஒரு சந்து இருக்கிறது. ராண்டால்ஃபின் இரண்டு மகன்கள் வழியாக இறங்கிய ஆண் வாரிசுகள் கிடைத்து, இருவரிடமும் ஒரே புதிய மாற்றம் இருந்து, அது எஸ்டன் வாரிசிடம் இல்லாமல் போனால், ராண்டால்ஃபும் அவர் மகன்களும் விலகிவிடுவார்கள். ஆனால் ராண்டால்ஃப் பிறக்கையில் அப்படி ஒரு மாற்றம் விழுந்திருக்க வேண்டும். பீட்டருக்கு அப்போது 47 வயது. தகப்பனுக்கு வயது கூடக்கூட மாற்றமும் கூடும் என்பதைச் சேர்த்தாலும், பிக் ஒய் படிக்கும் பரப்பில் அது இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றுகூடச் சொல்ல மாட்டேன். 2023இல்தான் மனித ஒய் முழுவதும், ஏறத்தாழ 6.2 கோடி எழுத்துகளும், முதன்முதலாகத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்து முடிக்கப்பட்டது. அந்த அளவுக்கு நீளமாகப் படிக்கும் முறைகள் மலிவானால் வாய்ப்பு கூடும். அப்போதும் ஆள் வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கடைசியில் வேறு வழியில்தான் வந்தது. சாலி கருவுற்ற ஒவ்வொரு காலத்திலும் தாமஸ் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்திருக்கிறார்; அவர் ஊரில் இல்லாத காலத்தில் சாலி கருவுற்றதாகத் தெரியவில்லை. சாலியின் பிள்ளைகளில் பெரியவர்களாக வளர்ந்த அத்தனை பேருக்கும் விடுதலை கிடைத்தது. மான்டிசெல்லோவின் வேறு எந்த அடிமைக் குடும்பத்துக்கும் அது கிடைக்கவில்லை. மேடிசனின் வாக்குமூலம் இருக்கிறது. டி.என்.ஏ.வையும் இவற்றையும் சேர்த்து எடைபோட்டுத்தான் மான்டிசெல்லோவை நடத்தும் தாமஸ் ஜெஃபர்சன் அறக்கட்டளை 2000 ஜனவரியில், எஸ்டனுக்கு ஜெஃபர்சனே தகப்பனாக இருக்க மிக அதிக வாய்ப்பு என்று அறிவித்தது. அதை ஒப்பாத அறிஞர்கள் குழு ஒன்று அடுத்த ஆண்டே ராண்டால்ஃப் பக்கம் கை காட்டியது. எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. டி.என்.ஏ. வரும்வரை இருநூறு ஆண்டு யாரும் சந்தேகிக்காத ராண்டால்ஃப், கார் கதை விழுந்த மறுநாள் மேடைக்கு வருகிறார் என்பதே அதன் பலவீனத்தைக் காட்டுகிறது.

நம்மவர்கள் கேள்விகளிலும் இது அடிக்கடி வரும்: என் தாத்தா அவரா, அவர் தம்பியா? ஒய் சோதனையை எடுக்கவே வேண்டாம். ஐந்து தலைமுறைக்கு உட்பட்டதென்றால் எல்லாக் குரோமோசோமையும் பார்க்கும் சாதாரணக் குடும்ப டி.என்.ஏ. சோதனை, அதோடு பத்திரம், பள்ளிச் சான்று, கோயில் வரிக் கணக்கு. இவைதான் கை கொடுக்கும்.

நடுத்தூரம்

மூன்றாவது கேள்வியை 1998இல் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஜெஃபர்சன் குடும்பம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது? தன் முன்னோர் வேல்ஸில் ஸ்னோடன் மலைப்பக்கத்திலிருந்து வந்ததாகத் தகப்பன் வீட்டில் சொல்வார்கள் என்று ஜெஃபர்சனே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 2007இல் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜெஃபர்சன் என்ற குடும்பப் பெயருள்ள 85 பிரிட்டிஷ் ஆண்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜனாதிபதியின் ஒய் அப்போது கே2 என்று அழைக்கப்பட்ட வகை. இப்போது டி என்கிறோம். மேற்காசியாவிலும் கிழக்காப்பிரிக்காவிலும் தென்படுவது; ஐரோப்பாவில் அரிது. 85 பேரில் இருவரிடம் அதே வகை, நெருங்கிய எஸ்.டி.ஆர். எண்களோடு இருந்தது. அவ்வளவு அரிய ஒய்யும் அதே குடும்பப் பெயரும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது தற்செயல் என்று சொல்வது கடினம்.

அந்த இருவருக்கும் வர்ஜீனியா குடும்பத்துக்கும் பொதுவான பாட்டன் எந்த நூற்றாண்டில் இருந்தார்? எஸ்.டி.ஆர். இங்கே திணறும். எண் கூடும், குறையும், சில சமயம் பழைய எண்ணுக்கே திரும்பும். அதனால் அது தரும் கால மதிப்பீடு பல நூறு ஆண்டுகள் விரிந்துபோகும். ஓரெழுத்து மாற்றம் அப்படித் திரும்புவது அபூர்வம். விழுந்தது விழுந்ததுதான், அடுக்கடுக்காகச் சேரும், எது முன்னே, எது பின்னே என்று கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும். ஏறத்தாழ 200 ஆண்டிலிருந்து ஓரிரு ஆயிரம் ஆண்டு வரை உள்ள தூரத்துக்கு ஆழ்சோதனைதான் சரியான கருவி. வர்ஜீனியா ஜெஃபர்சன் ஒருவர், யார்க்‌ஷயர் பக்கத்து ஜெஃபர்சன் ஒருவர், வேல்ஸில் அதே வகை உள்ள ஒருவர் என்று மூன்று பேரிடம் போட்டால், யார் யாரோடு முதலில் சேர்கிறார் என்று தெரியும். ஸ்னோடன் கதைக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

இது வேலை செய்யும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் குடும்பம் சாட்சி. அரச குடும்பத்தையும் அதன் கிளைகளையும் வெறும் எஸ்.டி.ஆர். வைத்துப் பிரிக்க முடியாமல் இருந்தது. எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். எல்745 என்ற ஓரெழுத்து மாற்றம் முழுக் குடும்பத்துக்கும் பொதுவாக இருந்தது. அதற்குக் கீழே எஸ்781 என்ற மாற்றம், 1298இல் ஃபால்கிர்க் போரில் இறந்த, பாங்கில் என்ற ஊரைச் சேர்ந்த சர் ஜான் ஸ்டூவர்ட்டின் வாரிசுகளை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டியது. எழுநூறு ஆண்டுக்கு முந்திய ஒரே மனிதரின் பிள்ளைகள் என்று இன்றைக்கு ஒரே ஓர் எழுத்தை வைத்துச் சொல்ல முடிகிறது. ஆனால் அந்த எழுத்துக்கு அப்பெயரை வைக்க, ஏட்டில் கொடிவழி தெளிவாக உள்ள ஸ்டூவர்ட்டுகள் பல கிளைகளிலிருந்து முன்வந்து சோதித்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் எஸ்781 பட்டியலில் கிடக்கும் இன்னோர் எண்தான்.

எப்போது பணம் கட்டுவது

37 குறியில் ஒரே குடும்பப் பெயரோடு நல்ல பொருத்தம் வந்து, இருவரும் எந்தக் கிளையில் சேர்கிறீர்கள் என்று தெரிய வேண்டுமானால் ஆழ்சோதனைக்குப் போகலாம். இருவருமே போக வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் அவருடைய புதிய மாற்றங்கள் தனி மாற்றங்கள் (வேறு யாரிடமும் இதுவரை காணாதவை) என்ற பட்டியலில் காத்துக்கிடக்கும். அடுத்த ஆள் எப்போது வருவார் என்பது யாருக்கும் தெரியாது. சிலருக்கு மறுமாதம், சிலருக்குப் பத்தாண்டு. அந்த இரண்டாம் ஆளின் கட்டணத்தையும் நீங்களே கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆகையால் செலவு 400 என்று போடாதீர்கள், 800 என்று போடுங்கள். பண்டிகைக் காலத் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருந்தால் கொஞ்சம் குறையும்.

மேற்கு ஐரோப்பிய ஆர்1பி வகையினருக்கு நிலைமை மாறும். அங்கே 37 குறியில் பொருத்தங்கள் குவியும். பலது சம்பந்தமே இல்லாதவை, எண்கள் தற்செயலாக ஒன்றுகூடியவை. அவர்கள் படிப்படியாக 37, 111 என்று ஏறிப் பணத்தைக் கரைப்பதைவிட நேராக ஆழ்சோதனைக்குப் போவது லாபம். 111 குறியும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. பொருத்தமே வராதவர்கள்தான் யோசிக்க வேண்டும். 37 குறியில் ஒருவர்கூட ஒத்துப்போகாதபோது, ஆழ்சோதனை போட்டால் ஆள் வந்துவிடுவார் என்று நம்புவது வீண். அது நீங்கள் மரத்தில் எந்தக் கிளை என்று சொல்லும், உறவினரைச் செய்துதராது.

நம்மில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகைதான். வணிக நிறுவனங்களின் தரவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். நமக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு சரி. ஒரே பெயருள்ளவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் வழி நமக்கு அடைபட்டிருக்கிறது. ஆய்வுத் தரவு இல்லாமல் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 2012இல் வெளியான ஆய்வில் தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் இருக்கிறது. ஆனால் அது சமூகங்களை ஒப்பிடுவதற்காகச் செய்தது. உங்கள் பெரியப்பா மகனைக் கண்டுபிடித்துத் தராது. உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குறி கிடைத்தபோது, இந்தியாவின் முதல் மனிதர் என்று பத்திரிகைகள் எழுதியது நினைவிருக்கலாம். எம்130 ஆசியா முழுக்கப் பரவியுள்ள பழைய கிளையின் அடையாளம். அவருக்கும் மற்றவர்களுக்கும் முன்னோர் ஒரே அளவு பழையவர்கள்தான். ஆழ்சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித் தலைப்புப் போட்டுக்கொள்ளும் ஆசை நமக்குக் கொஞ்சம் அதிகம்.

அப்படியானால் நமக்கு உபயோகமே இல்லையா? இருக்கிறது, பங்காளிகள் விஷயத்தில். நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளும் கொங்கு வேளாளர் கூட்டங்களும் ஆண்வழியில் இறங்குபவை. ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. ஒரே கூட்டத்தார் எல்லாரும் ஒரே மூதாதையின் பிள்ளைகளா, அல்லது பல குடிகள் ஒரு கட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்து கூட்டமானதா என்பது மேலே சொன்ன நடுத்தூரக் கேள்வி. ஆழ்சோதனைக்கு அளவெடுத்துத் தைத்தது. கூட்டத்தின் தூரத்துக் கிளைகளிலிருந்து மூன்று நான்கு பேர் சேர்ந்து போட்டால், ஐரோப்பியத் தரவு எதுவும் இல்லாமல் தங்களுக்குள்ளேயே விடை எடுக்கலாம். நகரத்தாரிடம் சுவீகாரம் சகஜம் என்பதை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்று ஒரு முடிவு வந்தால் அது யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய சேதி ஆகாது. பிள்ளை கூட்டிய வருடத்தை ஏட்டில் தேடத் தொடங்கலாம். போடும் நால்வரும் இதைத் தெரிந்துகொண்டு சம்மதித்த பிறகே போடட்டும்.

இத்தனை பொறுமை சொன்னாலும் ஓர் இடத்தில் பொறுக்கக் கூடாது. உங்கள் ஆண்வழியில் கடைசியாக நிற்பவர் ஒரு முதியவர், அவருக்கு மகன் இல்லை என்றால் கேள்வி தெளிவாகும்வரை காத்திருக்காதீர்கள். அவர் சம்மதித்தால் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்து எடுத்து, மலிவான சோதனை ஒன்றைப் போட்டுவையுங்கள். மாதிரியைப் பல ஆண்டு சேமித்து வைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆழ்சோதனையைப் பின்னால் அதே மாதிரியில் செய்துகொள்ளலாம்.

ஹெமிங்ஸ் குடும்பத்தில் இந்தச் சிக்கல் அப்படியே நிற்கிறது. மேடிசனுக்கு இன்று அறியப்பட்ட நேர் ஆண் வாரிசு யாரும் இல்லை. அவருடைய மகன் வில்லியம், உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர், கான்சஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் படைவீரர் கல்லறையில் அடக்கமாகியிருக்கிறார். அந்த எலும்பை எடுத்துச் சோதித்தால் மேடிசனும் எஸ்டனும் ஒரே ஆண்வழியா என்று 37 குறியிலேயே தெரிந்துவிடும். தோண்ட அனுமதி கேட்டார்கள். மேடிசனின் பெண்வழிச் சந்ததியினர் சம்மதிக்கவில்லை. கேட்டவர்களில் பலர், 1873இல் மேடிசன் சொன்னதை ஏற்க மறுத்தவர்கள்தான்.